சாதாரணமாகத்தான் பேசுகிறேன், ஏன் அதட்டுவதாக நினைக்கிறார்கள்?

தம்பி, ஆங்கிலம் பேசுகிற ஊருக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆங்கிலம் தடையில்லாமல் வருகிறது, ஆனாலும் உடன் வேலை செய்கிறவர் ‘ஏன் எப்போதும் கோபமாக இருக்கிறீர்கள்’ என்று கேட்டுவிட்டார் என எழுதியிருந்தீர்கள். உங்கள் குணத்தில் கோளாறு எதுவும் இல்லை. பதினெட்டு வருடம் முன்னால் நானும் இதே குழப்பத்தில் தவித்தவள்தான்.

நமக்கு மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. ‘அனுப்புங்க’ என்றால் போதும், மற்றதை அந்த ‘ங்க’ பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. ‘சென்ட் மீ த ஃபைல்’ என்று வெறும் கட்டளைதான் மிஞ்சும். ‘ப்ளீஸ்’ ஒட்டினாலும் சில சமயம் பொறுமையிழந்தவர் சொல்வது போலத்தான் கேட்கும். அங்கே மரியாதை, கேள்வியாகக் கேட்பதில் இருக்கிறது. ‘குட் யூ சென்ட் மீ த ஃபைல்?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்த ‘குட் யூ’தான் நம்ம ‘ங்க’.

அப்புறம் ‘டவுட்’. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், மூத்தவர் ஒருவருக்கு ‘ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் கால்குலேஷன்’ என்று மெயில் அனுப்பினேன். எனக்கு மூன்றாவது வரி புரியவில்லை, அவ்வளவுதான். அவரோ ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று ஒன்றரைப் பக்கம் பதில் எழுதி, மேலாளருக்கும் நகல் போட்டுவிட்டார். நமக்கு டவுட் என்றால் கேள்வி. அவருக்கு அது ‘உங்கள் கணக்கை நான் நம்பவில்லை’. நேரில் போய் விளக்கினதும் சமாதானமாகிவிட்டார். ஆனாலும் அந்த ஒன்றரைப் பக்கத்தை எவ்வளவு மனவருத்தத்தோடு தட்டச்சு செய்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது. ‘க்வெஸ்சன்’ என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ‘சரி, சரி’ என்போமே, அதையும் கவனியுங்கள். ‘ஓகே, ஓகே’ என்று அதையே சொன்னால் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இது நடக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது, ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் சொல்ல, அமெரிக்கர்கள் கூடாது என்று வெகுநேரம் வாதாடியதாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள், அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. இரண்டு தரப்பும் விரும்பியது ஒன்றைத்தான்.

அதனால் எதிரில் இருப்பவர் முகம் மாறினால் மனதுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்று நாம் தமிழில் சொல்வதில்லையா? அங்கேயும் சொல்லலாம். ‘சாரி, டிட் தட் சவுண்ட் ரூட்? ஐ டிட்ன்ட் மீன் இட் தட் வே.’ உங்களிடம் கேட்டாரே, அவரிடமே நாளைக்கு இதைச் சொல்லிவிடுங்கள். கோபமாக இருக்கிறீர்களா என்று நேரில் கேட்கிறவர் உங்கள்மேல் அக்கறை உள்ளவராகத்தான் இருப்பார்.