வாகன மேடை: காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்

கேள்வி: ஐயா, 2019ஆம் ஆண்டில் வாங்கிய பெரோடுவா மைவி 1.5 வைத்திருக்கிறேன். வீடு ஆயர் ஈத்தாமில், வேலை பிறையில். தினமும் பினாங்குப் பாலத்தைக் கடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில் ஏறி பாலேக் புலாவுக்குப் போய் வருவதில் தனி மகிழ்ச்சி. 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்போர்ட் ஸ்பிரிங் போட்டால் கார் தரையோடு ஒட்டி ஓடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருப்பதைக் கெடுக்காதே என்கிறார் அப்பா. போடலாமா? போட்டால் பழைய அப்சோர்பரே போதுமா?
வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: தம்பி, நண்பர்கள் சொல்லும் பலன் ஓரளவு உண்மைதான், அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் தவறு. ஸ்போர்ட் ஸ்பிரிங் போட்ட கார் வளைவில் குறைவாகச் சாய்வதும், ஸ்டீரிங்கைத் திருப்பியவுடன் முன்பக்கம் தயங்காமல் திரும்புவதும், பிரேக் மிதிக்கும்போது மூக்கு அதிகம் குனியாமல் இருப்பதும் பெரும்பாலும் ஸ்பிரிங்கின் விறைப்பால் கிடைப்பவை; உயரம் குறைந்ததால் கிடைப்பவை அல்ல. சிறிய கார் ஒன்றின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வளைவில் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடை இந்த உயரத்தைப் பொறுத்தது என்பதால், 35 மில்லிமீட்டர் இறக்கினால் அது ஏறத்தாழ ஆறு விழுக்காடுதான் குறையும். மைவியின் முன்பக்கம், ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து நிற்கும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பைக் கொண்டது. அத்தகைய காரை அளவுக்கு மீறி இறக்கினால், சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் காரோடு இணைக்கும் லோவர் ஆர்ம் படுக்கை நிலையைத் தாண்டி சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சரிந்துவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடுவதால், சாய்க்கும் விசைக்கு முன்பைவிட நீளமான நெம்புகோல் கிடைத்துவிடுகிறது. இறக்க இறக்க நல்லது என்ற நம்பிக்கை இங்கேதான் அடிபடுகிறது.

இதைவிட முக்கியமானது, சக்கரம் மேலே ஏறுவதற்கு மிச்சமிருக்கும் இடம். உங்கள் காரில் நின்ற நிலையிலிருந்து, சக்கரம் மேலே ஏறும் எல்லையில் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும் வரை 80 மில்லிமீட்டர் இருப்பதாகக் கொள்ளுங்கள். இது விளக்கத்துக்கான அளவுதான். 35 மில்லிமீட்டர் இறக்கிய பிறகு எஞ்சுவது 45. முன்பு 80 மில்லிமீட்டரில் அடங்கிய அதே அதிர்ச்சியை ஸ்பிரிங் மட்டும் 45 மில்லிமீட்டருக்குள் அடக்க வேண்டுமானால், அது பழையதைவிட மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பாக இருக்க வேண்டும். ஏனெனில் ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அன்றாடம் ஓட்டும் காருக்கு மூன்று மடங்கு விறைப்பை யாராலும் தாங்க முடியாது. ஆகவே ஸ்பிரிங் தயாரிப்பவர்கள் ஓரளவு விறைப்பைக் கூட்டி, மீதிச் சுமையைப் பம்ப் ஸ்டாப்பின் தலையில் கட்டிவிடுகிறார்கள். நேரான சாலையில் பள்ளத்தில் விழும்போது அது வெறும் ‘டம்’ என்ற ஓசை. ஆனால் துன் சார்டோன் போன்ற சாலையில், வளைவின் நடுவில் ஏற்கெனவே அமுங்கியிருக்கும் வெளிப்பக்கச் சக்கரம் ஒரு மேட்டில் ஏறி ரப்பரை முட்டும்போது, அந்த மூலையின் விறைப்பு ஒரே கணத்தில் பல மடங்கு ஏறி, டயர் பிடியை இழந்து கார் வெளிப்பக்கமாக நழுவும். மழை பெய்து இலைகள் ஒட்டிக்கிடக்கும் மாலையில் அந்த அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

அப்சோர்பரைப் பற்றிக் கேட்டீர்கள். முன்பைவிட 30 விழுக்காடு கூடுதல் விறைப்பான ஸ்பிரிங் காரை ஏறத்தாழ 14 விழுக்காடு விரைவாக ஆட்டும்; அமுங்கிய பிறகு திரும்ப எழும் வேகத்தை அடக்குவது அப்சோர்பரின் வேலை. மென்மையான ஸ்பிரிங்குக்கென அளவிட்டுச் செய்த அப்சோர்பர், அதுவும் பல ஆண்டுகள் உழைத்துக் களைத்தது, இந்த வேலைக்குப் போதாது. முதல் சில வாரங்களில் எல்லாம் நன்றாகவே தோன்றும். பிறகு, 1985இல் திறக்கப்பட்ட அந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டும்போது, ஒரு துள்ளல் அடங்குவதற்குள் அடுத்தது தொடங்குவதைக் கவனிப்பீர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா அதை உங்களுக்கு முன்பே கவனித்துவிடுவார்.

என் முடிவைக் கேட்டால், 35ஐ மறந்துவிட்டு 20 முதல் 25 மில்லிமீட்டருக்குள் இறக்கும் ஸ்பிரிங்கை, அதே தயாரிப்பாளர் அதற்கென்று பரிந்துரைக்கும் அப்சோர்பரோடு சேர்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் சேர்த்துக் கையில் பணம் இல்லையென்றால், இப்போதைக்கு உங்கள் 185/55 ஆர்15 அளவிலேயே நல்ல டயர் நான்கு போட்டு, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள். நண்பர்கள் வர்ணிக்கும் ஒட்டுதலில் பெரும்பங்கை அதுவே தந்துவிடும். அப்பா சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. சரியாகப் பொருத்திய ஸ்போர்ட் ஸ்பிரிங் ஒரு சாதாரண காரை ஓட்ட இனிமையானதாக மாற்றுவதை நானே அனுபவித்திருக்கிறேன்.

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் ஸ்பிரிங் மாற்றினேன். ஸ்டீரிங்கை நின்ற இடத்தில் திருப்பினால் முன்பக்கம் ‘டங்’ என்று சத்தம் வருகிறது. முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்துவிட்டது. எதிரே வருபவர்கள் எனக்கு விளக்கை அணைத்து எரிக்கிறார்கள். பொருத்திய கடையில் ஸ்போர்ட் ஸ்பிரிங் என்றால் அப்படித்தான் என்கிறார்கள்.
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அப்படித்தான் அல்ல. திருப்பும்போது வரும் சத்தம், ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையிலுள்ள தடுப்பில் சரியாக உட்காராமல் இருப்பதாலோ, மேலே உள்ள அப்சோர்பர் மவுண்டிங்கின் பேரிங் நைந்துபோனதாலோ வருவது. ஸ்பிரிங் திரும்ப மறுத்து முறுக்கேறி, பிறகு திடீரென விடுபடுகிறது. ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மவுண்டிங்கும் கையில் வந்துவிடுவதால், பழையதை அப்படியே திரும்பப் போடுவது சிக்கனமல்ல, இரட்டைக் கூலிக்கு வழி. வேலை தெரிந்த போர்மேன் இன்னொன்றையும் கவனிப்பார். லோவர் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், காரைத் தூக்கிவைத்த நிலையில் அவற்றை இறுக்கிவிடக் கூடாது. சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மூட்டிலுள்ள புஷ் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

டயர் தேய்வதற்கு எல்லாரும் கேம்பரை, அதாவது சக்கரம் நிமிர்ந்து நிற்காமல் சாயும் கோணத்தை, குறை சொல்வார்கள். மிதமாக இறக்கிய காரில் உண்மையான குற்றவாளி பெரும்பாலும் டோ. கார் இறங்கியதும், ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ரோடின் கோணம் மாறி, இரு முன் சக்கரங்களும் நேராக ஓடாமல் சற்றே விரிந்தோ குவிந்தோ ஓடுகின்றன. அப்போது டயர் உருளும்போதே தரையில் தேய்த்துக்கொண்டும் போகிறது. அலைன்மென்ட் செய்யுங்கள். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிச் சற்றே படிந்த பிறகு செய்வதே முறை என்பதால், முன்பு செய்திருந்தாலும் இப்போது மறுபடி பாருங்கள். தேய்ந்த டயர் அலைன்மென்டால் திரும்பி வராது. அதை மாற்றத்தான் வேண்டும்.

விளக்கு விஷயமும் இதைச் சேர்ந்ததே. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகமாக இறங்கியிருந்தால் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். முகப்பு விளக்கின் திருகைச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும். முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்துத் தானாக பிரேக் போடும் வசதி உங்கள் காரில் இருந்தால், அந்தக் கேமராவையும் சேவை நிலையத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். காரின் உயரத்தையும் சாய்வையும் நம்பித்தான் அது தூரத்தை அளக்கிறது.

கேள்வி: புதிய ஸ்பிரிங் எதற்கு? பழையதில் ஒன்றரைச் சுற்று வெட்டினால் போதாதா?
வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: போதாது. இளமையில் ஒரு பழைய புரோட்டோன் சாகா காரில் நானும் அதைச் செய்து, இரண்டு வாரம் குதிரைச் சவாரி செய்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்பது சரியே; ஆனால் இருக்கையில் பொருந்துவதற்கென்று வளைத்துச் செய்த முனை போய்விடுகிறது. மேலும், குட்டையான ஸ்பிரிங் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது தளர்ந்துவிடும். இரு சக்கரங்களையும் ஒரு குறுக்குத் தண்டால் இணைக்கும் டோர்ஷன் பீம் கொண்ட பின்பக்கங்களில் ஸ்பிரிங் பெரும்பாலும் அப்சோர்பரிலிருந்து தனியாக நிற்பதால், பெரிய பள்ளத்தைத் தாண்டும் வேகத்தில் அது இடம்பெயரவும், ஏன், விழவும்கூட வாய்ப்புண்டு. கேஸ் விளக்கால் சூடாக்கி இறக்குவது இதைவிட மோசம். உருக்கின் பதமே போய்விடும்.

கேள்வி: மகன் காரைத் தாழ்த்தியிருக்கிறான். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. பிடிக்குமா? விபத்து நடந்தால் காப்புறுதி கிடைக்குமா?
வாசகி, குளுகோர்

பதில்: அம்மா, வாகனத்தில் செய்யும் மாற்றங்களை நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் அமைப்பு, பயன்பாடு குறித்த 1959ஆம் ஆண்டின் விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. அவன் போட்டிருக்கும் ஸ்பிரிங்கின் விவரத்தோடு ஜே.பி.ஜே. அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடச் சொல்லுங்கள். கடைக்காரர் வாக்கை நம்ப வேண்டாம். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர்களுடைய பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளட்டும். மறைத்துவிட்டு இழப்பீடு கேட்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

கழற்றிய பழைய ஸ்பிரிங் நான்கும் எங்கே என்றும் அவனிடம் கேளுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்காவிட்டால், முன் எது, பின் எது என்று எழுதி ஒட்டி, துருப்பிடிக்காமல் துணியில் சுற்றி வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். காரை விற்கும் நாளில் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் அவை தேவைப்படலாம்.