சேகர குருவானவரின் பணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள எங்கள் சேகரத்தில் தாய்ச்சபையோடு ஆறு கிளைச் சபைகள் உள்ளன. முன்பிருந்த குருவானவர்கள் வீடு வீடாக வந்து ஜெபித்தார்கள். இப்போது இருப்பவர் நன்றாகப் பிரசங்கம் செய்கிறார். ஆனால் துக்க வீட்டிற்கும் கல்யாண வீட்டிற்கும் தவிர எங்கும் வருவதில்லை. இதைக் கமிட்டியில் குறையாகச் சொல்லலாமா ஐயா?
– சேகரக் கமிட்டி உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சொல்லலாம். ஆனால் அதற்கு முன் அவருடைய ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்பதைக் கமிட்டியார் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை நடத்த முடியும் என்பதால், உங்கள் குருவானவர் ஞாயிறு விடியுமுன் ஒரு கிளைச் சபையிலும், காலையில் தாய்ச்சபையிலும், அது முடிந்த கையோடு இன்னோர் ஊரிலும் நிற்க வேண்டியிருக்கும். மற்ற நாட்களில் ஆலயக் கூரை வேலைக்கான ஒப்பந்தக்காரர், பள்ளி நிர்வாகம், பேராயரின் பொறுப்பிலுள்ள திருமண்டல அலுவலகத்திற்கு அனுப்ப வேண்டிய கணக்கு, ஞானஸ்நானச் சான்று கேட்டு வருபவர்கள், அசனம் என்னும் சபை விருந்துக்கான வசூல் என எல்லாமே அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கின்றன. இவற்றை எல்லாம் அவர் தலையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வரவில்லை என்று கேட்பது நியாயமாகாது.

அதே வேளையில், வீடு சந்திப்பை விட்டுவிடலாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். தனியே இருக்கும் ஒரு மூதாட்டி ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் "நல்லா இருக்கேன் ஐயா" என்றுதான் சொல்வார். அவருடைய வீட்டுக்குள் போய் ஜெபிக்க உட்காரும்போதுதான், சென்ற மாதம் வாங்கிய மாத்திரைப் பட்டை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடப்பது கண்ணில் படும். மருந்தைப் பற்றி விசாரித்தால், வெளியூரில் இருக்கும் மகன் பேசி எத்தனை நாளாயிற்று என்பதும் தெரியவரும். அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறுகிறவருக்கு, தாம் யாரிடம் பேசுகிறோம் என்பது இப்படித்தான் விளங்குகிறது. சபையாரை அறியாதவரின் பிரசங்கம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அது யாருக்கோ சொல்லப்பட்டதாகவே நின்றுவிடுகிறது.

ஆகவே குறைக்க வேண்டியது வீடு சந்திப்பை அல்ல, நிர்வாகத்தை. காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று அவருடைய மாமன் எத்திரோ சொன்னதை யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எத்திரோ வேலையைக் கைவிடச் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். எருசலேம் சபையில் விதவைகளுக்கான அன்றாட விசாரணையில் முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்களும் ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பைச் சபையாரிடமே விட்டார்கள். நம்முடைய நாட்டிலும் இது புதிதல்ல. தரங்கம்பாடி மிஷனில் 1733இல் தமிழரான ஆரோன் குருப்பட்டம் பெறுவதற்கு முன்பே சபைகளை நாள்தோறும் தாங்கிவந்தவர்கள், குருப்பட்டம் பெறாத உள்ளூர் உபதேசியார்கள். 1820இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு திருநெல்வேலிச் சீமையில் சபைகள் பெருகியபோதும், கிராமந்தோறும் ஜெபம் நடத்தி எழுத்தும் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்களே.

உங்கள் கமிட்டியில் கணக்குத் தெரிந்தவரும் கட்டட வேலை தெரிந்தவரும் கட்டாயம் இருப்பார்கள். குருவானவர் மேற்பார்வையோடு நின்றுகொள்ளும்படி அந்தப் பொறுப்புகளை எழுத்துமூலம் அவர்களிடம் ஒப்படையுங்கள். ஒரு கிளைச் சபைக்கு மாதத்தில் ஒரு மாலை என்று குறித்து, அந்த ஊர்ச் சபை ஊழியரையும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவரையும் உடன் அனுப்புங்கள். எந்த வீட்டில் வியாதி, எந்த வீட்டில் மனக்கசப்பு என்பது அவர்களுக்கே முதலில் தெரியும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருமண்டலத் தேர்தல் நெருங்கும்போது, குருவானவர் எந்த அணியாரின் வீட்டில் காப்பி குடித்தார் என்று கணக்கு வைப்பவர்கள் நம் சபைகளில் உண்டு. வீட்டுக்கு வராத குருவானவர்களில் பலர் இதற்கு அஞ்சியே குருமனைக்குள் முடங்குகிறார்கள். அந்தப் பேச்சைச் சபையில் எழவிடாமல் தடுப்பது கமிட்டியாரின் கடமை.

கேள்வி: குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன ஆயர் நான். சபையைச் சேர்ந்த ஒரு தாய், தம் பிள்ளையிடம் நெருங்கிய உறவினர் ஒருவர் தவறாக நடந்துகொண்டதாகக் கண்ணீரோடு சொல்லி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஆயரிடம் சொன்ன இரகசியத்தைக் காப்பதா, வெளியே சொல்வதா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆயர்

பதில்: பிள்ளையைக் காப்பாற்றுங்கள், தாமதிக்க வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதில் ஆயர்களுக்கு விலக்கு இல்லை. தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தோடு தகவல் தருகிறவர்மீது வழக்குத் தொடர முடியாது என்பதையும் அதே சட்டம் உறுதிசெய்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அந்தத் தாயிடம் முதலில் நீங்களே பேசுங்கள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் செய்கிறீர்கள் என்பதை அவர் உங்கள் வாயிலிருந்தே கேட்க வேண்டும். காவல் நிலையத்திற்கு அவரோடு போக ஒரு பெண்ணையும் ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் அவருடைய சம்மதம் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். அந்த உறவினரைக் குருமனைக்கு வரவழைத்து விசாரிப்பதோ, மன்னிப்புக் கேட்கவைத்துச் சமரசம் செய்வதோ கூடவே கூடாது. குடும்பத்தின் மானம், சபையின் பெயர் என்று மூப்பர்கள் சொல்லக்கூடும். அந்த இரண்டைவிடவும் பிள்ளை பெரியது. கடன், குடும்பச் சண்டை, விசுவாசத் தளர்ச்சி போன்றவற்றை உங்களிடம் சொல்பவர்களின் இரகசியத்தை, உங்கள் மனைவியிடம்கூடச் சொல்லாமல் காத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓர் உயிருக்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மறைக்க இயலாது என்பதை, ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் பேச்சைத் தொடங்கும்போதே தெரிவித்துவிடுவது நல்லது.

கேள்வி: என் கணவர் ஆயர். சாப்பிட உட்கார்ந்தால் தொலைபேசி ஒலிக்கிறது, இரவிலும் ஓய்வில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வருவதால் பிள்ளைகளின் படிப்பும் பாதிக்கப்படுகிறது. இதைச் சொன்னால் ஊழியத்திற்கு வந்துவிட்டு முறையிடலாமா என்கிறார்கள்.
– ஓர் ஆயரின் மனைவி, மதுரை

பதில்: முறையிடலாம் அம்மா. ஊழியத்திற்கு அழைப்புப் பெற்றவரும் உறங்க வேண்டியவரே. வனாந்தரத்தில் சோர்ந்து, சாக வேண்டும் என்று விரும்பிய எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது கட்டளை அல்ல. சுட்ட அடையும் தண்ணீரும்தான். இரண்டு தரம் உண்டு உறங்கிய பிறகே அவர் பயணத்தைத் தொடர்ந்தார். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு முழுவதும் உழைத்த களைப்புத் தீரத் திங்கட்கிழமையையே, ஆயருக்கு ஓய்வுநாளாகக் கமிட்டியில் தீர்மானம் எழுதி, ஆராதனை அறிவிப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். அன்று மரணமோ அவசர மருத்துவமனைச் செய்தியோ தவிர மற்ற அழைப்புகளைச் சேகரச் செயலாளர் ஏற்கட்டும். இடமாற்றம் குறித்து, பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பிள்ளை படிப்பதைப் பேராயருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். இடமாற்றப் பட்டியல் வெளிவந்த பிறகு மாற்றுவது கடினம். அது தயாராகும் முன்பே உங்கள் கடிதம் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.