ஒரு வீடு, மூன்று பேர், எந்த சாட்பாட்?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நேற்று ராத்திரி கடை அடைத்த கையோடு போன் பண்ணினீர்கள். "பக்கத்துக் கடைக்காரர் மகனுக்கு மாசம் ரெண்டாயிரம் கட்டி ஏஐ வாங்கிக் கொடுத்திருக்கார் சார், நாம எதை வாங்கணும்?" என்று கேட்டீர்கள். நான் பஸ்ஸில் இருந்தேன், பாதிப் பேச்சு ஹாரன் சத்தத்தில் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள், மற்றதை மெதுவாகப் பார்க்கலாம்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் ஏஐ சாட்பாட்டான சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30. அதற்கு முன்பெல்லாம் என்னிடம் வரும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி, பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்கணும். இப்போது அந்த இடத்தில் 'எந்த ஏஐ' வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் சொல்ல முடியாது.

கடையில் புதிதாக ஒரு பையனைச் சேர்க்கிறீர்கள். கெட்டிக்காரன், வாய் சாமர்த்தியம் உண்டு, எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லவே மாட்டான். முதல் நாளே அவனைக் கல்லாவில் உட்கார வைப்பீர்களா? பொட்டலம் மடிக்கத்தான் விடுவீர்கள். மடிப்பு தப்பாக இருந்தால் உங்கள் கண்ணிலேயே தெரிந்துவிடும், திருப்பி மடிக்கச் சொல்லலாம். கல்லாவில் தப்பு நடந்தால் ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். சாட்பாட்டும் அந்தப் பையன்தான். உங்கள் வீட்டு வேலைகளில் எது பொட்டலம், எது கல்லா என்று பிரித்துவிட்டால் எந்த சாட்பாட் என்பது தன்னாலே தெளிந்துவிடும்.

மகளிடமிருந்து தொடங்குகிறேன். பிளஸ் டூ, தமிழ்வழி. அவளுக்கு வேண்டியது ட்யூஷன் வாத்தியார் மாதிரி ஒன்று. சாட்ஜிபிடியில் 'ஸ்டடி மோட்' என்றும் கூகுளின் சாட்பாட்டான ஜெமினியில் 'கைடட் லேர்னிங்' என்றும் இருக்கிறது. இரண்டும் 2025-ல் வந்தவை, இரண்டுமே இலவசக் கணக்கில் கிடைக்கும். சும்மா கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பினால் முழு விடையையும் கொட்டிவிடும், பிள்ளை பார்த்து எழுதிவிட்டு எழுந்து போய்விடும். இந்த முறையில் அப்படி நடக்காது. ஒரு மாணவி என் முன்னால் உட்கார்ந்து செய்து பார்த்தாள். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறிந்த கல், எவ்வளவு உயரம் போகும்? அது விடையைச் சொல்லவில்லை. "கல் உச்சிக்குப் போய் நிற்கிற நொடியில் அதன் திசைவேகம் எவ்வளவு இருக்கும்?" என்று திருப்பிக் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "பூஜ்யம்" என்று தட்டினாள். அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்து, 20 மீட்டர் என்று அவளே போட்டு முடித்தாள். வகுப்பில் அறுபது பேருக்கு நடுவில் கையைத் தூக்கிக் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. சாட்பாட் பேசும் அறிவியல் தமிழ் எப்போதும் நம் பாடப்புத்தகத் தமிழாக இருக்காது. நம் புத்தகத்தில் 'முடுக்கம்' என்றால் இது சில நேரம் 'ஆர்முடுகல்' என்று எழுதும். அது தப்பில்லை, இலங்கைப் பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் பொதுத்தேர்வில் எழுத வேண்டியது நம் சொல்லை. ஆகவே முதல் வரியிலேயே "தமிழ்நாடு பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் உள்ள சொற்களையே பயன்படுத்து" என்று சொல்லச் சொல்லுங்கள். அப்போதும் வழுக்கினால், புத்தகப் பக்கத்தையே படமெடுத்துக் கொடுத்துவிடலாம்.

பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு கூகுளின் நோட்புக்எல்எம் இருக்கிறது. நாம் ஏற்றிய பாடத்திலிருந்து மட்டும் பதில் எடுக்கும்படி செய்தது. பதிலோடு சின்னதாக ஓர் எண் இருக்கும், அதைத் தொட்டால் எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்று காட்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது வேறு விஷயம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில தமிழ் பிடிஎஃப்கள் பழைய எழுத்துருவில் இருக்கும். திரையில் நல்ல தமிழாகத் தெரியும், உள்ளே வெறும் கிறுக்கல். ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் ஏற்றலாம். கொக்கியும் புள்ளியுமாக வந்தால் அந்தக் கோப்பு ஆகாது, போட்டோதான்.

அடுத்தது மகன். அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு விஷயத்தில் அவன் செய்வதைப் பார்த்து எனக்கு உள்ளூரப் பயம். மொத்தம் 200 கேள்வி, 300 மார்க். அதில் தமிழ்ப் பகுதி 100 கேள்வி, 150 மார்க். அதில் 60 எடுக்கவில்லை என்றால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்தத் தமிழுக்குத்தான் அவன் சாட்பாட்டிடம் 'முக்கிய வினா விடை 500' என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். அது புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்வதில்லை தம்பி, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கோர்க்கிறது என்று அவனிடம் சொன்னேன். நம்பவில்லை. சரி, குறளில் சோதித்துப் பார் என்றேன். 'கற்க கசடற' 391-வது குறள், கல்வி அதிகாரம், நாற்பதாவது. பத்துப் பத்தாக அடுக்கியிருப்பதால் எண்ணைச் சொன்னால் அதிகாரம் தெரிந்துவிடும், 412 என்றால் கேள்வி அதிகாரம், வேறு வழியே இல்லை. அவன் வைத்திருந்த அந்த 500-ல் ஒரு குறளுக்கு எண் ஒன்று, அதிகாரம் வேறொன்று. வரி கூட வள்ளுவர் எழுதியதில்லை, அவர் எழுதியிருக்கக்கூடிய மாதிரி ஒன்று! படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கு வரவில்லை.

ஆகவே தமிழ்ப் பகுதிக்கு ஆறு முதல் பத்து வரையிலான பள்ளிப் புத்தகமே மூலம். அதை நோட்புக்எல்எம்மில் ஏற்றி, "இந்தப் பாடத்திலிருந்து மட்டும் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்வு செய்கிற மாதிரி இருபது கேள்வி போடு" என்று கேட்கட்டும். அது பொட்டல வேலை, புத்தகம் பக்கத்திலேயே இருக்கிறது, சரிபார்த்துவிடலாம். நடப்பு நிகழ்வுகளுக்கு இணையத்தில் தேடி இணைப்போடு பதில் தருகிறவை வேண்டும். பெர்ப்ளெக்சிட்டி அதற்கென்றே உள்ளது, ஜெமினியும் சாட்ஜிபிடியும் கூடத் தேடும். இணைப்பு இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. திறந்து, எந்தத் தேதியில் போட்ட பக்கம் என்று பார்க்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அறிவிப்பை இந்த வருஷத்தது மாதிரி எடுத்துக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

கம்பெனி வேலை, இன்டர்வியூ பக்கம் வருவோம். ரெஸ்யூமே, ஈமெயில், விண்ணப்பக் கடிதம் மாதிரி எழுத்து வேலைக்கு ஆந்த்ரோபிக் கம்பெனியின் கிளாட், சாட்ஜிபிடி இரண்டும் நன்றாக வரும். கிளாட் பதினெட்டு வயது ஆனவர்களுக்குத்தான், ஆகவே அது மகனுக்கு மட்டும். மகளுக்குப் பதினேழு, சாட்ஜிபிடிக்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது விதி, அதனால் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறாள் என்று ஒருமுறை நீங்களே பாருங்கள். இரண்டில் எது மேல் என்று மகன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உள்ளே என்ன கொடுக்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவன் எனக்கு அனுப்பிய ரெஸ்யூமேயில் "பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்" என்று ஒரு வரி. எந்தக் குழு என்று கேட்டேன், முழித்தான். சாட்பாட் போட்டதாம். இன்டர்வியூவில் இதே கேள்வி வந்தால் அங்கேயும் முழிப்பான். ஆனால் இரண்டு வருஷமாக நம் கடையில் டேலி கணக்கு மென்பொருளில் பில் போட்டு, மாசாமாசம் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்குத் தாக்கலுக்கு ஆடிட்டரிடம் கணக்குக் கொடுத்தவன் அவன். அந்த வரி ரெஸ்யூமேயில் எங்குமே இல்லை! பி.காம் படித்துவிட்டு வருகிற எத்தனை பேருக்கு அந்த அனுபவம் இருக்கும்? "இனி நீயாக எதையும் சேர்க்காதே, என்னைக் கேள்வி கேட்டு, நான் சொல்வதை மட்டும் வைத்து எழுது" என்று சாட்பாட்டிடம் சொல்லச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வந்தது வேறு ஆளுடைய ரெஸ்யூமே மாதிரி இருந்தது, ஆனால் எல்லாம் அவனுடையது.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறான் என்றீர்கள். ஜெமினி லைவ், சாட்ஜிபிடியின் குரல் வசதி, இரண்டில் ஒன்றைத் திறந்து, "நீ கம்பெனி மேனேஜர், என்னை இன்டர்வியூ எடு" என்று மாடியில் நடந்துகொண்டே பேசட்டும். தப்பாகப் பேசினால் சிரிக்க அங்கே யாரும் இல்லை.

இப்போது கல்லா வேலை. மகளின் இன்ஜினியரிங் கவுன்சிலிங். போன ஜூனில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90. சாட்பாட் அவளுக்கு கட் ஆஃப் (இருநூறுக்குக் கணக்கிடும் மார்க்) 180 என்று சொல்லியிருந்தது. மூன்றையும் கூட்டி, சராசரி 90 எடுத்து, இரண்டால் பெருக்கியிருக்கிறது. நம் கணக்கு அப்படியில்லை. கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதி: 92, 44, 45, ஆக 181. அந்த இடத்தில் ஒரு மார்க் என்பது ஆயிரம் ரேங்குக்கு மேல். கூடவே நாற்பத்தைந்து கல்லூரி வரிசையாக ஒரு பட்டியல், அட்டவணை போட்டு, பார்க்க அவ்வளவு அழகு. அதில் இரண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அவை அரசுக் கவுன்சிலிங்கிலேயே வராது. ஒரே பெயரில் இரண்டு மாவட்டத்தில் இருக்கும் கல்லூரிகளில் ஒன்றின் குறியீட்டு எண்ணை இன்னொன்றுக்குப் போட்டிருந்தது. கட் ஆஃப் எல்லாம் ஓசி பிரிவுக்குரியது, அவள் எம்பிசி. அந்தப் பட்டியலை அப்படியே, கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதியும் சாய்ஸ் ஃபில்லிங்கில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பதறியது.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் வேறு. இதை நீங்களாகச் சொல்லாவிட்டால் சாட்பாட் கேட்காது. மாறாக, 'முதல் பட்டதாரி சலுகை வாங்கலாம்' என்று தாராளமாகச் சொல்லும். அண்ணன் பி.காம் முடித்திருக்கிறானே, அப்புறம் எப்படி இவள் முதல் பட்டதாரி? இந்த வேலைக்கு சாட்பாட்டைக் கொஞ்சம்தான் உள்ளே விடலாம். 'மெக்கட்ரானிக்ஸ் என்றால் என்ன படிப்பார்கள்' என்று கேட்கலாம். கட் ஆஃப், தேதி, குறியீட்டு எண், ஒதுக்கீடு எல்லாம் கவுன்சிலிங் நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணையதளத்தில் மட்டும்.

உங்கள் வேலைக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். பேங்கிலிருந்து ஆங்கிலத்தில் வரும் கடிதத்தைப் போட்டோ எடுத்து ஜெமினியிடம் கொடுத்து, "தமிழில் சொல்லு, நான் என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ள?" என்று வாயால் கேட்டால் போதும். கணக்கு எண், ஆதார் எண் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் படமெடுங்கள். வாட்ஸப்பிலேயே இருக்கும் மெட்டா ஏஐ கைக்கு எளிது, ஆனால் மாமா அத்தைக்கு அனுப்பும் மெசேஜ் மாதிரி அது பூட்டிப் போகாது, அதில் எழுதுவது அந்தக் கம்பெனிக்குப் போகும். சரக்கு ஆர்டருக்கு மெசேஜ் எழுதிக் கொள்ளலாம், கடன் விவகாரம் வேண்டாம்.

பணம் பற்றி. 2025-ல் இந்தியாவில் போட்டி போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். ஏர்டெல் வைத்திருந்தால் பெர்ப்ளெக்சிட்டி புரோ ஓராண்டு, ஜியோவில் ஜெமினி பதினெட்டு மாதம், நவம்பரில் ஓப்பன்ஏஐ தன் 'சாட்ஜிபிடி கோ' திட்டத்தை ஓராண்டுக்கு. உங்கள் சிம்மில் இப்போது என்ன சலுகை ஓடுகிறது என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டோ யூபிஐயோ கேட்டால் மட்டும் நிதானம், வருஷம் முடிந்த மறுநாள் ஆட்டோபேயில் பணம் தானாகப் போகும். சேர்ந்த அன்றே காலண்டரில் முடிகிற தேதியைக் குறித்து வையுங்கள். இலவசத்தில் ஒன்று 'இன்றைக்கு இவ்வளவுதான்' என்று நின்றுவிட்டால் அடுத்ததைத் திறந்துகொள்ளட்டும். இரண்டு மாசம் இப்படி ஓட்டிப் பார்த்து, தினமும் ஒன்று போதாமல் போகிறது என்று மகன் சொன்னால் அப்போது யோசிப்போம்.

இன்னொன்று, மகள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அதோடு என்னமோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்றீர்கள். பாடம் என்றால் சரி. பயம், அழுகை என்றால் அதற்கு சாட்பாட் ஆள் இல்லை. அவள் அம்மாவைப் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள், போனைப் பிடுங்க வேண்டாம். வெளியாளிடம் பேசினால் தேவலை என்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண் 14416, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை பாதி நாள்தானே. மதியத்துக்கு மேல் இருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மகளுடைய அரையாண்டு மார்க் ஷீட்டும், மகன் திருத்திய ரெஸ்யூமேயும், அந்த 500 கேள்வி பிரின்ட் அவுட்டும் கையில் இருக்கட்டும். அதில் இன்னும் எத்தனை புதுக் குறள் இருக்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும்.