மேடையில் குரல் எடுபடவில்லையா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்பறையில் கணீரென்று வசனம் பேசுகிறார்கள், மேடையேறினால் கேட்பதே இல்லை. கத்தச் சொன்னால் தொண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?
– ஆசிரியை ஒருவர், மன்னார்குடி

பதில்: தயவுசெய்து கத்தச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் அமுங்கிப்போவது வாக்கியத்தின் கடைசிச் சொல்தான். தமிழில் வினைச்சொல் அங்கேதான் நிற்கிறது, மூச்சு தீர்ந்து "வரமாட்டேன்" என்பது "வர..." என்று தேய்ந்தால் காட்சியே தலைகீழாகிவிடும். வசனத்தாளில் மூச்செடுக்கும் இடங்களில் கோடு போட்டுக் கொடுங்கள். தினமும் 5 நிமிடம், தோளைத் தூக்காமல் 4 எண்ணி மூச்சிழுத்து, 'ஸ்ஸ்' என்று 8 எண்ணி விடட்டும். ஒத்திகையில் ஒரு மாணவரைக் கடைசி வரிசையில் உட்காரவையுங்கள். வினைச்சொல் கேட்காதபோதெல்லாம் அவர் கைதூக்கட்டும். குரல் உடைகிற வயதுப் பையனுக்கு உச்சக்குரல் வசனத்தைக் குறைத்து எழுதிவிடுங்கள், தப்பில்லை.