முகாம் டி-சர்ட்: மாணவர் ஊழியக் குழுக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லூரிகள் திறந்து முதலாண்டு மாணவர்கள் வந்து சேர்ந்ததும், மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கிறிஸ்தவ மாணவர் ஐக்கியங்களிலிருந்து எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பட்டறையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவன், மாலையில் மாணவர் ஜெபக்குழுக்களோடு அமர்பவன் என்ற இரண்டு முறையிலும் என்னைக் கேட்கிறார்கள். இம்முறை வந்தவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வருடாந்திர முகாமுக்காக வேத வசனம் ஒன்றை முழுவதுமாக முதுகில் அச்சிட விரும்புகிறோம். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? (நரிமேட்டிலிருந்து ஒரு மாணவர்)

முழு வசனம் வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். முன்னால் நடப்பவரின் முதுகை எவரும் நின்று வாசிப்பதில்லை. நான்கு அல்லது ஐந்து சொற்களும் அதன் கீழே அதிகாரமும் எண்ணும் இருந்தால் போதும், விருப்பமுள்ளவர் வீட்டுக்குச் சென்று எடுத்துப் பார்ப்பார்.

அடுத்தது எழுத்துரு. கணினியில் யூனிகோடில் அழகாகத் தட்டச்சு செய்த வரியைப் பழைய கோரல் டிரா (வடிவமைப்பு மென்பொருள்) வைத்திருக்கும் கடையில் திறந்தால், கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைப் பார்க்கலாம். ஆகவே வரியை உங்கள் கணினியிலேயே கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். கடைக்காரர் தாமே தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னால், தமிழ் நன்கு தெரிந்த இருவர் அதைக் காகிதத்தில் அச்செடுத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும்.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கில எழுத்துக்குப் பழகிய அச்சகத்தார் சிறிய புள்ளியைப் பொருட்படுத்துவதில்லை. மையைத் துணியில் இறக்கும் வலையான ஸ்கிரீனில் அது அடைபட்டுப்போகும், அல்லது மை பரவி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் சுழிகளும் இப்படித்தான் மையால் நிரம்பிவிடுகின்றன. கல்லூரி மாணவர்கள் அணியும் ஆடையில் ‘கல்வி’ என்னும் சொல்லின் புள்ளி விழுந்துபோனால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கோடுகள் சற்றுத் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, ஒரே ஒரு சட்டையில் மாதிரி அச்சிட்டுப் பார்த்த பிறகே மீதிக்குச் சம்மதம் கொடுங்கள்.

உங்கள் குழுவில் கத்தோலிக்க மாணவர்களும் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையார் ‘சங்கீதம்’ என்று சொல்வதை, 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘திருப்பாடல்கள்’ என்கிறது. ‘ரோமர்’ அங்கே ‘உரோமையர்’. மத்தேயு, யோவான், பிலிப்பியர் ஆகிய பெயர்கள் இருவருக்கும் ஒன்றே என்பதால், வசனத்தை அங்கிருந்து எடுத்தால் ஒரு விவாதம் குறையும்.

முகாமின் தேதியை அச்சிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு முகாமுக்கு மூன்று நாள் தேதிகளையும் மார்பில் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன்; அடுத்த மாதமே அவை விடுதியில் இரவு உடையாகிவிட்டன.

மொத்தம் 35 சட்டைகள்தான் வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங் நல்லதா, டிடிஎஃப் நல்லதா? (திருமங்கலம்)

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் தனியாகத் தயாரிக்க வேண்டும். அந்தச் செலவு 35 சட்டைக்கும் 300 சட்டைக்கும் ஒன்றுதான். ஆகவே ஒரே நிறமென்றால் 35-க்கும் ஸ்கிரீன் கட்டுப்படியாகும், நான்கு நிறமென்றால் கட்டுப்படியாகாது. டிடிஎஃப் என்பது படத்தைப் பிலிமில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, சூட்டால் துணியில் ஒட்டுவது. எத்தனை நிறமானாலும் ஸ்கிரீன் செலவு கிடையாது. ஆனால் பெரிய படமாக ஒட்டினால் முதுகில் பிளாஸ்டிக் தாளைக் கட்டியதுபோல் இருக்கும், மதுரை மே மாத வெயிலில் அதன் பொருள் உங்களுக்கே தெரியும். மேலும் துவைக்கத் துவைக்க, தனித்து நிற்கும் சின்னஞ்சிறு பகுதிகள்தான் (மீண்டும் அதே புள்ளிதான்) முதலில் உரிந்து வரும். உங்கள் எண்ணிக்கைக்கு நான் ஒரு நிற ஸ்கிரீனையே சொல்வேன்.

துணி 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) பருத்தியாக, பயோவாஷ் (மேலே நிற்கும் நார்களை நொதியால் நீக்கும் சலவை) செய்ததாக இருக்கட்டும். சூட்டால் சாயத்தை இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு பாலியெஸ்டரில்தான் பிடிக்கும் என்பதால், அதைக் காட்டிப் பாலியெஸ்டரை விற்க முயல்வார்கள். திருப்பூரின் ஆடைச் சந்தையான காதர்பேட்டைக்குப் போய் மலிவாக வாங்கிவரலாம் என்று நினைப்பவர்கள், ஒரே நிறம், ஒரே அளவுமுறை முழு எண்ணிக்கைக்கும் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கில் ஒரு கட்டின் எல் அளவு மற்றொரு கட்டின் எம் அளவாக இருப்பது வழக்கம்.

ஐயா, எங்கள் பெண்கள் கல்லூரிக் குழுவில் பாதிப்பேர் டி-சர்ட் வாங்கிக்கொண்டு அணியாமல் வைத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

வடிவமைப்பு ஆண்களின் உடலை நினைத்துச் செய்யப்பட்டிருக்கும். மார்பின் குறுக்கே பெரிய எழுத்தில் எதையாவது அச்சிட்டால், எல்லோரும் அங்கே வாசிப்பார்கள் என்ற கூச்சம் வருவது இயல்புதான். இடப்பக்கம் உள்ளங்கையளவுக்கு மிகாத சிறு சின்னம், மற்றவை மேல்முதுகில் என்று மாற்றுங்கள். நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டித் தைத்துத் தரச் சொல்லுங்கள். வட்டக் கழுத்தை அனுமதிக்காத கல்லூரிகளிலும் காலர் வைத்ததற்கு அனுமதி கிடைக்கக்கூடும். விதியைத் துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டுத் துணி வாங்குங்கள். யாரும் கட்டாயம் அணிய வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

எந்த நிறம் நல்லது? (உசிலம்பட்டி)

அழுக்குத் தெரியாத நிறம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன், ஊர் வேறாக இருந்தால். நம் தென் மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லும் நிலை இருந்துவருகிறது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதியின் பெயரால் வெட்டப்பட்ட நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இத்தகைய வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. இரண்டு நிறங்களைச் சேர்த்து வைத்தால், நீங்கள் நினையாத ஒரு சங்கத்தின் கொடியோ கட்சியின் கொடியோ அதில் தெரியக்கூடும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் சிலரிடம் மாதிரியைக் காட்டி, ‘இதைப் போட்டுக்கொண்டு உங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறுவீர்களா?’ என்று கேளுங்கள். சாம்பல் அல்லது கருநீலத் துணியில் வெள்ளை எழுத்து என்பது எனக்குத் தெரிந்தவரை எவரையும் தொந்தரவு செய்ததில்லை.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று தல்லாகுளம் பக்கம் நீர்மோர் கொடுக்கப்போகிறோம். வசனம் அச்சிட்ட டி-சர்ட் அணியலாமா?

வேண்டாம். அன்று வருகிறவர் தம் சாமியைப் பார்க்க வருகிறார், தாகத்துக்கு உங்களிடம் நிற்கிறார். அந்த நேரத்தில் வசனத்தை முன்னிறுத்தினால், மோருக்கு விலை வைத்ததாக அவருக்குத் தோன்றலாம். ஆனால் ஒரே நிற ஆடை நெரிசலில் பயனுள்ளது: காவலர்களுக்கும் உங்கள் ஆட்களை அடையாளம் தெரியும். எழுத்தில்லாத சட்டையோ, குழுவின் பெயர் மட்டும் சிறிதாக உள்ள சட்டையோ அணியுங்கள். யார் நீங்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிலரால் பணம் கட்ட முடியவில்லை. அவர்களுக்கு மட்டும் இலவசமாகக் கொடுக்கலாமா? (மேலூர்)

கொடுங்கள், ஆனால் பெயர்ப் பட்டியலில் ‘இலவசம்’ என்று குறிக்காதீர்கள். மோதிரமும் நல்ல ஆடையும் அணிந்து வந்தவனுக்கு முன்னிடம் கொடுப்பதைக் கண்டிக்கும் யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு, சட்டை வாங்கியவர்கள் முன்வரிசையில், வாங்காதவர்கள் பின்வரிசையில் என்று குழுப்படம் எடுத்த ஒரு முகாமை நான் பார்த்திருக்கிறேன். பழைய மாணவர்களிடம் முன்னதாகவே காணிக்கை கேட்டு, பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரியும்படி ஈடுகட்டுங்கள். மொத்தக் கணக்கில் 5 சதவீத ஜிஎஸ்டியையும், அளவு மாற்றிக் கொடுக்க மூன்று நான்கு சட்டைகளையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் யாராவது ஒருவர் தம்பியையும் அழைத்துக்கொண்டு வந்து நிற்பார்.