நாய் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிப் போக்க முடியுமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்கு வீடு நாய், தெருவில் நடக்கவே பயம் என்கிறீர்கள். முடியும். எனக்கே போனது.

இந்த முறைக்கு வேர் நம் தென்னாப்பிரிக்காவில்தான். ஜோகன்னஸ்பர்க்கில் படித்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே, கூண்டைக் கண்டு மிரண்ட பூனைகளுக்கு முதலில் வேறு அறையில் சாப்பாடு வைத்தார். அப்புறம் மெல்ல மெல்லச் சாப்பாட்டைக் கூண்டுக்கு அருகே கொண்டுவந்தார். பயம் கரைந்தது. (மின் அதிர்ச்சி கொடுத்து மிரள வைத்தவரும் அவரே, பாவம் பூனைகள்!) 1958-ல் அதை மனிதர்களுக்கான சிகிச்சையாக எழுதினார்.

பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். நாய்ப் படம் 20 என்றால் அங்கே தொடங்குங்கள். எனக்கு எதிர்வீட்டு இரும்பு கேட் 60. தெருவின் இந்தப் பக்கம் நின்றேன். அந்த வீட்டு நாய் கம்பியில் மூக்கை நுழைத்துக் குரைத்தது. எனக்கு உள்ளங்கை நனைந்தது. கால் மணி நேரத்தில் அதற்கே அலுத்துவிட்டது. உச்சத்தில் ஓடிவிடாதீர்கள், ஓடினால் 'தப்பித்தோம்' என்று மூளை பயத்தையே மனப்பாடம் செய்துகொள்ளும்.

அவிழ்த்துவிட்ட நாயிடம் பயிற்சி வேண்டாம், அது நியாயமான பயம். வீட்டை விட்டே வெளியேற முடியவில்லை என்றால் உளவியலாளரைப் பாருங்கள்.