அழுகும் மரம், பூக்கும் காளான்: உங்கள் கேள்விகள்

குளியலறைக் கதவுச் சட்டத்தின் அடிப்பகுதி பழுப்பாகி, கட்டங்கட்டமாக வெடித்திருக்கிறது. சுரண்டிவிட்டுச் சாயம் பூசினால் போதுமா? (உட்லண்ட்ஸ்)

போதாது. கட்டங்கட்டமாக வெடிப்பது பழுப்பு அழுகல். இந்தப் பூஞ்சை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை எடுத்துக்கொண்டு, நாரைக் கெட்டியாகப் பிணைக்கும் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். நொதிகள் வருவதற்கு முன்பே ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் சேர்ந்து செல்லுலோஸ் சங்கிலிகளை நறுக்கத் தொடங்கிவிடுவதால், மரத்தின் எடை பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள் வலுவில் பாதிக்குமேல் போயிருக்கும். அதனால் கெட்டது தெரியும் இடத்தைத் தாண்டி ஓரடி சேர்த்து வெட்டி எடுங்கள். வெட்டுவதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நிலைப்படி ஓரத்துச் சிலிக்கான் விரிசல்தான். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அழுகல் பூஞ்சை வேலை செய்யாது. ஈர மரத்தில் சாயம் பூசுவது தண்ணீரை உள்ளே பூட்டி வைப்பதுதான். முதலில் ஈரத்தை நிறுத்துங்கள்.

வெள்ளை அழுகலை எப்படி அறிவது? (பிடோக்)

மரம் வெளிறி, நார்நாராகப் பிரியும். லிக்னினையும் சிதைப்பது இதுதான்.

கோப்பிச் சக்கையில் சிப்பிக்காளான் போட்டேன். ஐந்தே நாளில் பச்சையாகிவிட்டது. ஏன்? (தெம்பனிஸ்)

எந்த வகை, எவ்வளவு விதை (பூஞ்சை படர்ந்த தானியம் அல்லது மரத்தூள்), சக்கை எத்தனை நாள் பழையது என்று எதையுமே எழுதவில்லை. இந்த மூன்றும் இல்லாமல் இனி யாரும் கேட்காதீர்கள். பச்சை என்றால் ட்ரைக்கோடெர்மா என்ற பூசணம். நம் சிங்கப்பூர் வெப்பத்தில் ஒரு நாள் கிடந்த சக்கையில் அது முந்திக்கொள்ளும். அன்றைய சக்கையையே வாங்குங்கள். சக்கையைக் கால் பங்குக்கு மேல் போடாதீர்கள், மீதி மரத்தூளோ வைக்கோலோ இருக்கட்டும். 70 முதல் 75 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் சூடாக்கி ஆறவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் விழ வேண்டும். விதை, ஈர எடையில் பத்து விழுக்காடு. குளிர்நாட்டு வகை இங்கே சரியாகக் காய்க்காது, வெப்பம் தாங்கும் சிப்பிக்காளான் வகையான ப்ளூரோட்டஸ் புல்மொனேரியஸ் வாங்குங்கள். பச்சையான பையைச் சமையலறையில் திறக்காமல் அப்படியே கட்டி எறியுங்கள்.

பழைய இயந்திர எண்ணெயைச் சமூகத் தோட்ட மண்ணில் ஊற்றி, தீர்ந்த காளான் பைகளைப் புதைத்தால் சுத்தமாகிவிடுமாமே? காளான் நெகிழியையே தின்னும் என்று காணொளியில் பார்த்தேன். (ஈசூன்)

ஊற்றாதீர்கள். மழை பெய்தால் அது வடிகாலுக்கு ஓடும், வடிகால் நீர்த்தேக்கத்தில் சேரும். வாகனப் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள்.

இந்தக் காணொளிகள் செய்யும் கேட்டை எத்தனை முறை எழுதினாலும் தீரவில்லை. உண்மை இருக்கிறது: 1985ல் பெனரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற வெள்ளை அழுகல் பூஞ்சை டிடிடி (பூச்சிக்கொல்லி), டையாக்சின் போன்ற நச்சு மாசுகளைச் சிதைப்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டது. லிக்னின் ஒழுங்கற்ற பெரிய மூலக்கூறு. அதை உடைக்க வெள்ளை அழுகல் பூஞ்சைகள் வெளியே அனுப்பும் பெராக்சிடேஸ், லாக்கேஸ் நொதிகள் ஆளைப் பார்த்துத் தாக்குவதில்லை. அகப்படும் மாசையும் உடைக்கின்றன. ஆனால் அந்த மாசு பூஞ்சைக்கு உணவு ஆகாது. உணவாக மரத்தூளோ வைக்கோலோ கூடவே வேண்டும். அறுவடை முடிந்த பையில் அந்த உணவு பெருமளவு தீர்ந்திருக்கும்; தோட்ட மண்ணிலுள்ள பாக்டீரியாவோடும் பூஞ்சை போட்டியிட வேண்டும். இயந்திர எண்ணெயிலுள்ள துத்தநாகம் போன்ற உலோகங்களை எந்தப் பூஞ்சையாலும் அழிக்க முடியாது. அவை தனிமங்கள், மண்ணிலிருந்து காளானுக்கு இடம் மாறலாம், அவ்வளவே.

நெகிழி விஷயமும் அப்படித்தான். 2011ல் பேசப்பட்ட பெஸ்டலோட்டியாப்சிஸ் மைக்ரோஸ்போரா என்ற பூஞ்சை சிதைத்தது பாலியூரித்தேன் என்ற ஒருவகை நெகிழியை. பொட்டலப் பை அது அல்ல, அந்தப் பூஞ்சையும் நாம் சமைக்கும் காளான் அல்ல. நிறமோ வாசனையோ போனால் மாசு சிதைந்துவிட்டது என்று நம்பாதீர்கள்; பூஞ்சிழையில் ஒட்டிக்கொண்டும் மறையும். உயிருள்ள பூஞ்சை போட்ட மண்ணோடு, கொன்ற பூஞ்சை போட்ட மண்ணையும் ஒப்பிடப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மாசை முன்னும் பின்னும் அளந்தால்தான் கணக்கு.

யூரியா போட்டால் மரத்தூள் சீக்கிரம் மக்குமா? (ஜூரோங்)

பாக்டீரியாவுக்கு உதவும். மேலே சொன்ன பெனரோகீட்டேயோ, யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால்தான் லிக்னின் நொதிகளைச் சுரக்கும்.

புளோக் கீழே உள்ள மரத்தடியில் தட்டுத்தட்டாகக் காளான். உடைத்து எறிந்துவிட்டேன். சரிதானே? (தோ பாயோ)

தவறு. அது வெளியே வரும் முன்பே உள்ளே நெடுநாள் அழுகல் நடந்திருக்கும். நீங்கள் உடைத்தது அடையாளத்தை மட்டும். பரிசோதகருக்கு அதுதான் முதல் தடயம். தட்டு எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குறித்து, அக்கம்பக்கக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்விஸ் செயலியில் இன்றே தெரிவியுங்கள். புயல்காற்று அடிக்கும்போது அந்த மரத்தடியில் நிற்காதீர்கள்.

விழுந்த கிளையில் முளைத்தது சிப்பிக்காளான் போலவே இருக்கிறது. படம் இணைத்துள்ளேன். சமைக்கலாமா? (செம்பவாங்)

வேண்டாம். படத்தை வைத்து எந்தக் காளானுக்கும் நான் உறுதி தரமாட்டேன்.